உப்பில்லாமல் வளர்ந்த படலம்

தி. நகர்
2 செப்டம்பர் 2025

ஸ்நேஹா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் நலமாக இல்லை, அதனால் கேட்டால் நடிப்பு மாதிரி இருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஃபோனில் என் நம்பர் பிளாக் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது விசாரணைக் குழுவும் தன் பங்குக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறது. கட்டுரையில் பெயர் உள்ளவர்கள் விசாரணை முடியும்வரை ஒருவருக்கொருவர் ஃபோன் செய்யக் கூடாது, மெயில் கூடாது, மெசேஜ் கூடாது. தபாலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பீட் போஸ்ட் வரிசையில் நின்றேன். விலாசம், ஒரு நவராத்திரிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது எழுதி வைத்தது.

உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். உப்பே போடாமல் படிகப் படலம் வளர்த்தோம் என்று நாம் எழுதியதை வெளிநாட்டில் இரண்டு லேப்கள் செய்து பார்த்திருக்கின்றன. ஒரு லேப் மட்டும் நாற்பத்தோரு தடவை. ஒரு தடவைகூட வரவில்லை. உலகம் முழுக்க உப்பு சேர்த்துத்தான் இதை வளர்க்கிறார்கள், அந்த உப்பின் சோடியம் படலத்தில் தங்கி சிப்பைக் கெடுக்கிறது என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். உப்பில்லாமல் வளர்த்தோம் என்பதற்குத்தானே நமக்கு அத்தனை கைதட்டல். இப்போது பொய் சொன்னோம் என்கிறார்கள்.

நான் செய்தாலும் வரவில்லை அக்கா. ஜூனிலிருந்து இருபத்தாறு தடவை ஆகிவிட்டது. அதே உலை, படகு என்று நாம் சொல்கிற அதே சின்ன குவார்ட்ஸ் கிண்ணம், அதில் அதே மாலிப்டினம் பொடி, குழாயின் அந்தக் கோடியில் அதே சல்ஃபர், அதே சூடு. பத்து நிமிஷத்தில் தகட்டின் மேல் மூன்று அணு தடிமனுக்குப் படலம் படிந்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் தகடு கழுவி வைத்த தட்டு மாதிரி வெறுமையாக இருக்கிறது.

அக்டோபர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, குழுவிலிருந்து மூன்று பேர் அடையாறு லேபுக்கு வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே நான் வளர்த்துக் காட்ட வேண்டும். வராவிட்டால் கட்டுரை போய்விடும், அதோடு என் ஐந்து வருஷமும் போய்விடும். நம் புரொஃபசர் பத்ரிநாராயணன் சார் நேற்று கூப்பிட்டு, "நோட்டு உன் கையெழுத்துல இருக்கும்மா. நீ எழுதினதைத்தான் நான் நம்பினேன்" என்றார். சார் கத்துவார், ஃபைலைத் தூக்கிப் போடுவார், எல்லாம் பார்த்திருக்கிறோம். இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

நோட்டில் இல்லாத ஏதாவது செய்தீர்களா? எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஜோயா


மயிலாப்பூர்
8 செப்டம்பர் 2025

ஜோயா,

உன் கடிதத்தை அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "யாருடி இந்தக் காலத்துல லெட்டர் போடறா" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விசாரணை நடப்பது அவளுக்குத் தெரியாது. இனி எழுதுவதானால் உறையின் பின்பக்கம் உன் பெயரையும் லேபின் பெயரையும் போடாதே.

குழுவின் கடிதம் எனக்கும் வந்தது. லேபை விட்டுப் போய்விட்டவர்கள் நேரில் வர வேண்டாம், எழுத்தில் பதில் தந்தால் போதும் என்றிருந்தது. தந்துவிட்டேன். நோட்டில் உள்ளபடியே செய்தோம் என்று எழுதினேன்.

இப்போது நீ என்னைக் கேட்பது வேடிக்கையாக இருக்கிறது. நான் செய்ததை எல்லாம் பக்கத்தில் நின்று எழுதியவள் நீ. கட்டுரை வந்த அன்றைக்கு கேன்டீனில் எல்லார் முன்னாலும், "கை அவங்களோடது, கண்ணு என்னோடது, பேரு மட்டும் அவங்களுது ஃபர்ஸ்டு" என்று சொன்னவளும் நீதான். அந்தக் கண்ணையே கேட்டுப் பார்.

சும்மா திட்டிவிட்டுப் போக எழுதவில்லை. உலைக் குழாயின் ரப்பர் வளையத்தை மாற்று, காற்று உள்ளே போகலாம். சல்ஃபர் புதுப் புட்டி வாங்கு, பழையது ஈரம் இழுத்திருக்கும்.

எனக்குக் கல்லூரியில் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பிரின்சிபால் அறையிலிருந்து பியூன் வெளியே வந்தால், என் டிபார்ட்மென்ட் பக்கம் திரும்புகிறானா என்று பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறேன். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை அம்மா லேமினேட் செய்து பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள், தெரியுமா? தினமும் விளக்கேற்றும்போது அதன் முன்னாலும் ஒரு பூ வைக்கிறாள். அதைப் பார்க்காமல் இருக்க, பல் தேய்த்ததும் நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுகிறேன்.

ஸ்நேஹா


தி. நகர்
15 செப்டம்பர் 2025

அக்கா,

வளையம் மாற்றினேன். புது சல்ஃபர் போட்டேன். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. தகடு வெறுமை.

கேன்டீனில் பேசியது தப்புதான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், ரோஷம் விடவில்லை. இப்போது காரியம் ஆக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை உங்கள் பழைய டிராயரை ஒழித்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் நீங்கள் வளர்த்த தகடு ஒன்று, உங்கள் கையெழுத்தில் தேதியோடு இருந்தது. கழுவாத தகடு. நாம் எதையும் அளப்பதற்கு முன் தண்ணீரில் அலசி, படலத்தைப் பிரித்துத்தானே எடுப்போம்? இது அலசுவதற்கு முந்தினது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முக்கோணங்கள் ஒன்றோடொன்று கைகோத்து, ஓரம்வரைக்கும் படலம். அழுகை வந்துவிட்டது. நாம் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வளர்த்திருக்கிறோம்.

அதே தகட்டை அப்படியே எலெக்ட்ரான் மெஷினில் வைத்து என்னென்ன தனிமம் இருக்கிறது என்று பார்த்தேன். மாலிப்டினம் இருந்தது, சல்ஃபர் இருந்தது. கூடவே சோடியம். பக்கத்தில் குளோரின்.

மூன்று இடத்தில் பார்த்தேன், மூன்றிலும் இருக்கிறது. அலசினதும் அது தண்ணீரோடு போயிருக்கும், அதனால்தான் நம் அளவுகள் ஒன்றிலும் தெரியவில்லை. மெஷின் ரூமில் அப்போது வேறு யாரும் இல்லை. இருந்தும் யாரோ பின்னால் நின்று திரையைப் படிக்கிற மாதிரி இருந்தது, சட்டென்று அணைத்துவிட்டேன். சாரிடம் இன்னும் சொல்லவில்லை.

உப்பில்லாமல் வளர்த்தோம் என்று உலகத்துக்குச் சொன்ன படலத்தில் உப்பு இருக்கிறது அக்கா. அது எங்கிருந்து வந்தது?

ஜோயா


மயிலாப்பூர்
19 செப்டம்பர் 2025

ஜோயா,

அடையாறில் கடல் காற்று. ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கிறது. இரண்டு வருஷம் டிராயரில் கிடந்த தகட்டில் உப்பு படியாமல் என்ன செய்யும்? இல்லாவிட்டால் நீ வெறுங்கையால் தொட்டிருப்பாய், வியர்வை.

அந்தத் தகட்டை யாரிடமும் காட்டாதே. உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி நம் தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டால்கூட நல்லது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. எனக்கு நாலு நாளாகச் சரியான தூக்கமில்லை.

ஸ்நேஹா


தி. நகர்
24 செப்டம்பர் 2025

அக்கா,

நீங்கள் சுவாசித்த கடல் காற்றைத்தான் நானும் ஐந்து வருஷமாகச் சுவாசிக்கிறேன். காற்றில் வந்த உப்பு என்றால் எனக்கும் படலம் வளர்ந்திருக்க வேண்டும். டப்பா டேப் போட்டு ஒட்டியிருந்தது, நான் கையுறை போட்டுத்தான் திறந்தேன். தகட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்களே, இப்படி ஒரு வார்த்தை நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. அதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதும் பொய். மறக்கவே இல்லை, நினைக்காமல் இருந்தேன்.

ஆரம்பத்தில் எட்டு மாதம் ஒன்றுமே வளராமல் அழுதுகொண்டிருந்தீர்கள் இல்லையா, அது முடிகிற சமயம். நீங்கள் ஏழரைக்கே வந்துவிடுவீர்கள், நான் ஒன்பது மணிக்கு வருவேன். ஒரு நாள் தி. நகரில் பஸ் சீக்கிரம் கிடைத்து எட்டு மணிக்கே வந்துவிட்டேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீங்கள் உலைக்கு முன்னால் கண்ணை மூடி நின்று, வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு, உலையைச் சுற்றி மூன்று தடவை சுற்றினீர்கள். பிறகு, கழுவுவதற்காகப் படகுகள் ஊறுகிற வெள்ளை பேசின் பக்கம் திரும்பினீர்கள்.

அதோடு நான் வந்த வழியே போய்விட்டேன். கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு, அப்போதுதான் வருகிற மாதிரி வந்தேன். நோட்டில் காலை வேலை என்று நீங்கள் சொன்னதை மட்டும் எழுதினேன்.

திருஷ்டி கழிக்கிறீர்கள் என்று தெரிந்தது. எங்கள் வீட்டிலும் உண்டு. தம்பி ரெஹானுக்குப் பரீட்சை என்றால் எங்க அம்மாவும், எங்க அம்மி, காய்ந்த மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுவாங்க, வீடே இருமும். சிரிக்க நான் யார்? ஆனால் உங்கள் சாமி விஷயத்தை நான் போய் லேப் நோட்டில் எழுதினால் கிண்டல் பண்ணுகிற மாதிரி ஆகிவிடும், அதுவும் நான் எழுதினால். அதனால் விட்டுவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் விட்டேன். இப்போது அந்த நோட்டைத்தான் குழு மேஜையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறது.

கையில் என்ன இருந்தது அக்கா? மிளகாயா, உப்பா?

ஜோயா


மயிலாப்பூர்
30 செப்டம்பர் 2025

ஜோயா,

உப்பு. கல் உப்பு.

உன் கடிதம் வந்தபோது வீட்டில் கொலு பார்க்க வந்த மாமிகள் நாலு பேர். அம்மா அவர்களிடம், "எங்காத்துப் பொண்ணு எழுதினது, அமெரிக்காவுல எல்லாம் படிக்கறா" என்று லேமினேட் செய்த தாளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். சுண்டல் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கவனம் தவறி ஒரு மாமியின் புடவையில் கொட்டிவிட்டது.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் எதுவும் வளராதபோது அம்மாதான், "கண்ணு பட்டிருக்குடி. ஆத்துலேர்ந்து உப்பு எடுத்துண்டு போ, சுத்தித் தண்ணில கரைச்சுடு" என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். எனக்கு நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவள் ஏன் செய்தாள் என்று கேட்காதே, நீயும் அந்த எட்டு மாதம் பார்த்தாய். சுற்றினேன். வெளியே தாழ்வாரத்துக் குழாயில் கரைத்தால் சார் அறைக்கு நேர் எதிரே தெரியும். வெட்கம். உள்ளே இருந்தது அந்த பேசின் ஒன்றுதான், கரைத்துவிட்டேன். எப்படியும் கொட்டப் போகிற தண்ணீர்தானே என்று நினைத்தேன். அதில் ஊறிக்கொண்டிருந்த படகுகளைத்தான் எடுத்துக் காயவைத்து உலைக்குள் வைத்தேன். அந்த நேரத்தில் அது எனக்குத் தண்ணீராகத்தான் தெரிந்தது, வேறொன்றாகவும் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக வளர்ந்தது. அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவேன்? ஒவ்வொரு தடவையும் சுற்றினேன். உப்பில்லாமல் என்று கட்டுரையில் எழுதியபோது என் மனசில் ஒரு சொட்டு சந்தேகம் இல்லை ஜோயா, அது சத்தியம். எனக்கு அது உப்பே இல்லை, திருஷ்டி. உன் இரண்டாம் கடிதத்தில் சோடியம் என்று படித்ததும் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் கடல் காற்று என்று எழுதினேன். அந்த ஒரு பொய் மட்டும் தெரிந்தே சொன்னது.

இதை யாரிடம் எப்படிச் சொல்வேன்? டாக்டர் பட்டம் வாங்கியவள் உலைக்குத் திருஷ்டி சுற்றினாள் என்று கல்லூரியில் என் ஸ்டூடன்ட்ஸ் முதல் பிரின்சிபால் வரை சிரிப்பார்கள். வேலை போகும். அம்மாவுக்குத் தெரிந்தால், தான் கொடுத்த உப்பால்தான் எல்லாம் என்று உடைந்துபோவாள்.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ஒரு நாள், காலையில் அவர்கள் வருவதற்கு முன், பேசினில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்துவிடு. படலம் வளரும். பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உனக்குப் பட்டம், எனக்கு வேலை, சாருக்குப் பெயர். யாருக்கும் தெரியாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸ்நேஹா


தி. நகர்
6 அக்டோபர் 2025

அக்கா,

செய்து பார்த்தேன். சனிக்கிழமை லேபில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மியின் உப்பு ஜாடியிலிருந்து கொண்டுபோனேன். வாட்ச்மேன் செம்பியன் அண்ணன் வழக்கம்போல், "இன்னாம்மா, லீவு நாள்ல பையில இன்னா கீது" என்று கேட்டார். சாப்பாடு என்றேன்.

ஒரு கைப்பிடி கரைத்தேன். திட்டுத் திட்டாக வந்தது. இரண்டு கைப்பிடி போட்டேன், வளர்ந்தது. ஓரம்வரைக்கும். நாலு மாதமாக நான் தவம் கிடந்த படலம், தகட்டில் லேசான பச்சையாக. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. இத்தனை நாள் வளராதோ என்று பயந்தேன், இப்போது வளரும் என்று தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகப் பயப்படுகிறேன்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிடலாம் என்றே இரண்டு நாள் இருந்தேன், மறைக்க மாட்டேன். அப்பா கடைக்கு ஜரிகை வாங்க வருகிற எல்லாரிடமும், "எம் பொண்ணு டாக்டராகப் போவுது, ஊசி போடற டாக்டர் இல்ல" என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர் முகத்தை நினைத்துக்கொண்டு பேசின் பக்கத்தில் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். அவர்கள் கதவைத் திறக்கும்போது ஜாடி எங்கே இருக்க வேண்டும், என் கை எங்கே இருக்க வேண்டும் என்று.

அப்போது அந்த நாற்பத்தோரு தடவை ஞாபகம் வந்தது. அதை எண்ணி எண்ணிச் செய்தது ஒரு புரொஃபசராக இருக்காது அக்கா. என்னை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்தான். அந்தப் பெண்ணின் சாரும் அவளிடம் மெதுவாகப் பேசியிருப்பார். நான் வெள்ளிக்கிழமை வளர்த்துக் காட்டினால் அவள் நாற்பத்திரண்டாவது தடவைக்கு உலையை ஏற்றுவாள். என்னால் முடியாது.

அதனால் இரண்டு தடவை ஓட்டப் போகிறேன். முதலில் வெறும் தண்ணீர், பிறகு உப்புத் தண்ணீர். படலம் வளர்ந்தது நிஜம், உப்பில்லாமல் என்றது தப்பு என்று சொல்லிவிடுவேன். சாரிடம் இன்று காலை சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். பேசினில் உப்பு எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது என்பேன். அதைச் சொல்ல வேண்டியது நானில்லை. நான் சொன்னால் அது வேறு கதையாகி, சாயங்காலத்துக்குள் எந்தெந்த வாட்ஸ்அப் குரூப்பிலோ சுற்றும். ஆனால் தெரியாது என்றால் அவர்கள் நம்ப மாட்டார்கள். கட்டுரையைக் காப்பாற்ற நானே இப்போது புதிதாக ஒரு உப்புக் கதை கட்டுகிறேன் என்பார்கள். எவ்வளவு உப்பு என்று கேட்பார்கள், என்னிடம் அதற்கும் பதில் இல்லை. என் கைப்பிடிக்கு ஒன்றில் வரவில்லை, இரண்டில் வந்தது. உங்களுக்கு எவ்வளவில் வந்தது?

பதில் போட வேண்டாம். போட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் வராது. கோபம் இல்லை. ரொம்ப பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜோயா


அடையாறு, லேப் வாசல்
10 அக்டோபர் 2025, காலை 9.10

ஜோயா,

இதை செம்பியன் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பழைய ஆள் என்று என்னை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார், உள்ளே விட மாட்டேன் என்கிறார். பட்டியலில் என் பெயர் இல்லையாம். கார் ஒன்று இப்போதுதான் உள்ளே போனது, மூன்று பேர் இறங்கினார்கள். அதைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாம் என்று பையைத் தோளில் மாட்டினேன். பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "நான் குடுத்த உப்பாலயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். ராத்திரி அவள் சாப்பிடவில்லை. காலையில் நான் செருப்பு மாட்டும்போது உப்பு டப்பாவை அவளே கொண்டுவந்து என் பையில் வைத்தாள். பூஜை அலமாரியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லூரிக்கு இன்று லீவு சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அங்கே எனக்கு நாற்காலி இருக்குமா, தெரியாது. சிரிப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஆனால் நீ எவ்வளவு என்று கேட்டிருந்தாய். எனக்கு எப்போதும் ஒரு கைப்பிடிதான். என் கை பெரிது, நீ தொளதொளவென்று என் கையுறையை மாற்றி எடுத்து மாட்டிக்கொண்டு என்னிடம் திட்டு வாங்குவாயே. உன் கையால் அளந்தால் சரியாக வராது, அவர்கள் கேள்விக்கு நீ ஒருத்தி பதில் சொல்லவும் முடியாது.

முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில் ஓட்டு. அது வராதபோது பயப்படாதே. இரண்டாவதை ஆரம்பிக்கும் முன் அந்த மூன்று பேரிடமும் சொல்லி என்னை உள்ளே கூப்பிடு. எலெக்ட்ரானிக் தராசை மேஜைமேல் எடுத்து வை. பேசினையும் நோட்டையும் பக்கத்தில் வை. அவர்கள் முன்னால், அன்றைக்குச் செய்த மாதிரியே, நான் ஒரு கைப்பிடி எடுத்து உலையை மூன்று தடவை சுற்றுகிறேன். பிறகு தராசில் கொட்டுகிறேன்.

நீ எழுது. இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் எழுது.

ஸ்நேஹா